சிவப்புப் பெட்டி ஒப்படைப்பு விழா

ஒரே பையனுக்கு ஒரே பெட்டியை எத்தனை முறை தானம் கொடுக்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், அதற்கு வரம்பே கிடையாது என்று அடித்துச் சொல்வேன். நான் கண்ணால் பார்த்தவள். பார்த்ததற்குக் கூலியாக ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் வாங்கியவள்.

தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மோங்கோல் பொரேயில், 'நாளைய கரங்கள்' தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசலுக்கு நேர் எதிரே என் கடை. யார்ன் கடை என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அரிசி நூடுல்ஸும் மீன் குழம்பும் விற்கிறேன். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்துச் சொந்தக் காலில் நிற்க வைப்பது அந்த நிலையத்தின் வேலை. அப்படித்தான் வாசல் பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. பலகை ரொம்பப் பெரியது. மதியத்துக்கு மேல் அதன் நிழல் என் கடை மீது விழும். அந்த நிலையம் ஊருக்குச் செய்த உதவிகளில் இது ஒன்றை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

விழா என்றால் இயக்குநர் நாரித் முதல் நாளே என் கடைக்கு வந்துவிடுவார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பேசுவார்.

"சித்தி, நாளைக்குச் சமூகம் வேணும்."

"எத்தனை பேரு?"

"முப்பது பேர் இருந்தா போதும். போன தடவை மாதிரி கொழுகொழுன்னு இருக்கறவங்களைக் கூட்டிட்டு வராதீங்க. முன்வரிசைக்குக் கொஞ்சம் மெலிஞ்ச சமூகமா பாருங்க."

நான் தெருத்தெருவாகப் போய்ச் சமூகத்தைத் திரட்டுவேன். மரவள்ளி பிடுங்கப் போகாதவர்கள், பிள்ளை பெற்று வீட்டில் இருப்பவர்கள், சும்மா படுத்திருப்பவர்கள் எல்லாரும் காலையில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்துவிடுவோம். மேடையில் வெள்ளைத் துணி போர்த்தி, முதுகில் பட்டு முடிச்சுப் போட்ட நாற்காலிகள் இருக்கும். நடுவில் யானைக்குட்டி மாதிரி ஒரு செதுக்கு மர நாற்காலி. அது மாவட்டத் துணை ஆளுநருக்கு. அவர் முன்னால் நாலு தண்ணீர் பாட்டில் இருக்கும். மற்ற பெரியவர்களுக்கு இரண்டு, எங்களுக்கு ஒன்று. ஒரு மனுஷனுக்கு எவ்வளவு தாகம் எடுக்கும் என்பது எங்கள் ஊரில் பதவியைப் பொறுத்தது.

விச்செத் இந்தக் கதைக்குள் வந்தது அப்படி ஒரு விழாவில்தான். என் வீட்டிலிருந்து மூன்றாம் வீட்டுப் பையன். பத்தொன்பது வயது. அப்பா கிடையாது. அம்மா கூலிக்கு மரவள்ளி பிடுங்குகிறவள், இடுப்பு போய்விட்டது. தங்கை தீடா பதினொன்றாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிற பெண். விச்செத் கொஞ்ச காலம் பாலத்தடியில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் சாரோனிடம் எடுபிடியாக இருந்தான். சாரோன் ஒருநாள் தன் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு தாய்லாந்துக்குப் போய்விட்டார். இடம் காலியாயிற்று. போயிபெட் எல்லைக்குப் போகிற வண்டியெல்லாம் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. அந்த இடத்துக்குப் பொறுப்பான ஊராட்சித் தலைவர், "கருவியோட வர்றவனுக்குத் தர்றேன். புத்தாண்டு வரைக்கும் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டார்.

கருவிக்கு விச்செத் எங்கே போவான்? ஒரு நல்ல செட் வாங்க அவன் அம்மா ஒரு பருவம் முழுக்கக் குனிந்து நிமிர வேண்டும், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு. அப்போதுதான் நாளைய கரங்கள் அறிவிப்பு வந்தது. மோட்டார் பழுது பயிற்சி, முடிவில் சான்றிதழ், கூடவே ஒரு கருவிப்பெட்டி இலவசம். பையன் ஓடிப்போய்ச் சேர்ந்தான்.

அண்ணனும் தங்கையும் என் கடையில் உட்கார்ந்துதான் ஒப்பந்தம் போட்டார்கள். தீடாவின் தோழிகள் எல்லாரும் புத்தாண்டு முடிந்ததும் தரகரின் வேனில் தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போகத் தயாராக இருந்தார்கள்.

"நீ போகாதே. புத்தாண்டுக்குள்ள பாலத்தடியில பட்டறை போட்டுடுவேன்" என்றான் விச்செத்.

"பெட்டி வந்துச்சுன்னா நான் பன்னிரண்டாவது போறேன். வரலைன்னா வேன்ல ஏறுறேன். சரியா?" என்றாள் தீடா.

"வரும்டி. போர்டுலயே போட்டிருக்காங்க."

"போர்டுல போட்டதெல்லாம் வந்திருந்தா நம்ம ஊரு இந்நேரம் சொர்க்கமால்ல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் அவனுடைய கிண்ணத்திலிருந்த மீனையும் எடுத்துத் தின்றாள்.

முதல் ஒப்படைப்பு விழா மழைக்காலத்தில் நடந்தது. பெட்டி ரத்தச் சிவப்பு. மூடியைத் திறந்தால் ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாகப் பளபளத்தன. துணை ஆளுநர் மேடையில் இருந்த ஒவ்வொரு மேதகுவின் பெயரையும் பட்டங்களோடு சொல்லி வணங்கி முடிப்பதற்குள் மழை வந்து நின்றும்விட்டது. பிறகு விச்செத்தைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் பெரியவர்களிடம் எதையும் ஒரு கையால் வாங்க மாட்டோம். இரண்டு கையும் நீட்டி, தலை குனிந்து வாங்குவோம். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் பொருளைப் பிடித்தபடி கேமராவைப் பார்ப்பார்கள். யாரும் விட மாட்டார்கள், போட்டோ எடுத்து முடியும்வரை.

விச்செத் அப்படித்தான் வாங்கினான். வாங்கும்போது அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர் உருண்டு பெட்டி மூடி மீது விழுந்தது. நிஜமான கண்ணீர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவும் அழுதாள். நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

அந்த ஒரு சொட்டுதான் அவனைக் கெடுத்தது.

விருந்தாளிகளின் வேன் தெருமுனை திரும்பியதும் நாரித் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"பதிவு நம்பர் போடணும் தம்பி. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ."

அடுத்த வாரம் வேறொரு நாட்டிலிருந்து வேறொரு குழு வந்தது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த கொடியைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுக் கொடி ஒட்டினார்கள். பெயரைக் கூப்பிட்டார்கள். விச்செத் குழம்பிப்போய் எழுந்து நின்றான்.

"சார், எனக்கு ஏற்கெனவே குடுத்துட்டீங்களே?"

"அது அவங்க குடுத்தது. இது இவங்க குடுக்கறது."

"பெட்டி ஒண்ணுதானே சார்?"

"பெட்டி ஒண்ணுதான் தம்பி. அன்புதான் வேற வேற" என்றார் நாரித். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு வேடிக்கை பேசத் தெரியாது. "போன தடவை மாதிரி கண்ணீர் வரட்டும். வலது பக்கமா நில்லு, கேமரா அந்தப் பக்கம்."

அதற்குப் பிறகு எத்தனை விழா என்று நான் எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் நிலையத்தின் அலமாரியில் விச்செத்துக்கென்று ஒரு கிழிந்த சட்டை வைத்தார்கள். விழா அன்று காலை அதைத் துவைத்து, கிழிசல் கசங்காமல் இஸ்திரி போட்டுக் கொடுப்பார்கள். அவன் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த நல்ல சட்டையை வாங்கி உள்ளே மாட்டிவிடுவார்கள்.

பயிற்சி நடக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. பட்டறைக்குள் வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் எஞ்சின் இருந்தது. அதற்கு வெள்ளி நிறப் பெயிண்ட் அடித்து, கண்ணாடித் தாள் சுற்றி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வருவார்கள். அது மோட்டார் பாடம். மற்ற நேரமெல்லாம் 'நன்றி தெரிவிக்கும் திறன்' என்று ஒரு பாடம். எந்த நாட்டுக்காரருக்கு எவ்வளவு குனிவது, கட்டிப்பிடிக்க வந்தால் என்ன செய்வது, மிட்டாய் கொடுத்தால் உடனே தின்பதா அல்லது தம்பி தங்கைக்கு என்று எடுத்து வைப்பதா என்பதெல்லாம் அதில் வரும். எடுத்து வைப்பதற்கு மதிப்பெண் அதிகம். விச்செத் அதில் முதல் மாணவன்.

"சித்தி, பெட்டியில ஏதோ மாறியிருக்கு" என்று ஒருநாள் அவன் கடையில் வந்து சொன்னான். "முன்னெல்லாம் தூக்கினா உள்ள கலகலன்னு சத்தம் வரும். இப்ப வரதில்லை."

"துணி கிணி வச்சுச் சுத்தியிருப்பாங்கடா."

"அப்படித்தான் இருக்கும்" என்றான். அந்தப் பையன் யார் என்ன சொன்னாலும் நம்புகிற பையன். நானும் அன்றைக்கு யோசிக்காமல்தான் சொன்னேன்.

பனிக்காலத்தில் ஹெல்கா என்கிற அம்மையார் தன் குழுவோடு வருவதாகச் சேதி வந்தது. ரொம்பப் பெரிய குழுவாம். பயனாளியின் வீட்டையும் தாயையும் பார்க்க வேண்டுமாம். நாரித் வீட்டைப் பார்வையிட வந்தார். வாசலிலேயே நின்று கூரையைப் பார்த்தார். முந்தைய மழைக்கு ஓலை ஒழுகியதால் அவன் அம்மா எப்படியோ தகரம் போட்டிருந்தாள்.

"என்னங்க இது, தகரம்?" என்றார், திருட்டுச் சாமானைக் கண்டுபிடித்தவர் மாதிரி.

"ஒழுகுச்சு சார்."

"ஒழுகினா என்னம்மா? ஒழுகறதைத்தானே அவங்க பார்க்க வர்றாங்க! உள்ள ஃபேன் வேற ஓடுது. இந்த ஏழ்மையை நம்பி நான் எப்படி ஒரு குழுவைக் கூட்டிட்டு வருவேன்?"

கடைசியில் தெருக்கோடியில் ஒரு கிழிந்த ஓலைக் குடிசையை அன்றைக்கு மட்டும் விச்செத்தின் வீடாக்கினார்கள். வீடு வேறாகிவிட்டதால் தாயும் வேறாக வேண்டும் என்று நாரித் முடிவு செய்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை.

"நீங்க வேணாம் சித்தி. உங்களைப் பார்த்தா பஞ்சம் நம்பும்படியா இல்லை."

அந்தக் குடிசைக்காரியே தாயானாள். ஹெல்கா அம்மையார் அவளைக் கட்டிப்பிடித்தார், கம்பளி போர்த்தினார். பெற்றவள் என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சமூகமாக உட்கார்ந்திருந்தாள். குடிசைக்காரி எடுத்த எடுப்பில் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "எம்புள்ள, எம்புள்ள" என்று விச்செத்தின் கன்னத்தை வழித்தாள். அவளை 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அவனுக்கு வாயே வரவில்லை. அது ஆழ்ந்த உணர்ச்சி என்று ஹெல்கா அம்மையாரிடம் சொல்லப்பட்டது.

"அவ அழறதைப் பார்த்தா, அவன் எனக்குப் பொறந்தவன்தானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு யார்ன்" என்று அவன் அம்மா என் காதில் சொன்னாள். சிரிக்கத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பளியை அந்தக் குடிசைக்காரி திருப்பித் தரவே இல்லை. அந்த நிலையத்திடமிருந்து எதையாவது உண்மையாகவே வாங்கிக்கொண்டு போன ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவள்தான்.

மறுநாள் ஒப்படைப்பு விழா. கொடி ஒட்டியாயிற்று, சட்டை மாட்டியாயிற்று, கண்ணீரும் ஒருவாறு வந்தது. எல்லாரும் கைகூப்பி விடைபெற்று வேனில் ஏறினார்கள். வேன் கிளம்பவில்லை. டிரைவர் திரும்பத் திரும்ப முடுக்கினார். ஒரு முனகல் மட்டும் வந்தது.

ஹெல்கா அம்மையார் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினார். என்ன அதிர்ஷ்டம், இப்போதுதானே ஒரு மெக்கானிக்குக்குக் கருவி கொடுத்தோம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நாரித் மட்டும் தட்டவில்லை. அவர் முகத்தில் ரத்தமில்லை.

விச்செத்தைப் பார்க்கவேண்டுமே! அத்தனை மாதத்தில் அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "பேட்டரி முனை கழண்டிருக்கும் சார், ஒரு நிமிஷம்" என்று வேனின் மூடியைத் தூக்கினான். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தான். ஒரு ஸ்பேனரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னொன்றை இழுத்தான். மண்டி போட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். பெட்டியே மேலே எழும்பியது, ஸ்பேனர் வரவில்லை.

முந்தைய ஏதோ ஒரு விழாவில் போட்டோ எடுக்கும்போது பெட்டி சாய்ந்து, ஒரு ஸ்பேனர் துணை ஆளுநரின் காலில் விழுந்திருக்கிறது. அப்படி இனி நடக்கக்கூடாது என்று நாரித் எல்லாக் கருவிகளையும் பெட்டியோடு சேர்த்துப் பற்றவைக்கச் சொல்லிவிட்டார். வெல்டிங் பிரிவு அந்த வருடம் செய்த ஒரே வேலை அதுதான். நல்ல சுத்தமான வேலை.

"புதுச் சாமான், கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்று நாரித் மொழிபெயர்த்தார். "டேய், வேற ஸ்பேனர் யாராவது குடுங்கடா" என்று விச்செத் கத்தினான். மோட்டார் பயிற்சி நிலையத்தில் வேறு ஸ்பேனர் இல்லை. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கத் தெரியாத பையனை வண்டியைத் தொடவிட மாட்டேன் என்று டிரைவர் மூடியை இறக்கிவிட்டார். கடைசியில் மோட்டார் பிரிவு மாணவர்கள் மொத்தப் பேரும் சேர்ந்து வேனைத் தள்ளினார்கள். அது பாலம் வரை போய்க் கிளம்பியது. விருந்தாளிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்தக் கூட்டு முயற்சியைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

போவதற்கு முன் ஹெல்கா அம்மையார் வருத்தத்தோடு ஏதோ கேட்டிருக்கிறார். இத்தனை மாதப் பயிற்சிக்குப் பிறகும் இவனால் ஒரு ஸ்பேனரை எடுக்க முடியவில்லையா என்று. நாரித்துக்கு அந்தக் கேள்வியில் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் அவர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அன்புக்குரிய சமூகமே! இளைஞர்களைப் பயிற்றுவிப்பது எவ்வளவு கடினம் என்பதை உலகம் இன்று நேரில் கண்டுகொண்டது. ஓராண்டுப் பயிற்சி போதாது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியுள்ளது. ஆகவே நமது நன்கொடையாளர்கள் இத்திட்டத்தை மேலும் மூன்றாண்டுகளுக்கு நீட்டித்துள்ளார்கள். நமது பயிற்சி இன்னும் சற்றுச் சிறப்பாக இருந்திருந்தால் இந்த நல்வாய்ப்பை நாம் இழந்திருப்போம்!"

நாங்கள் கைதட்டினோம். ரொட்டிக்குள் அன்று இறைச்சி வைத்திருந்தார்கள்.

சான்றிதழ் மூன்று வருடம் தள்ளிப்போயிற்று. பெட்டி இருந்தும் பயனில்லை என்று ஆயிற்று. விச்செத் பாலத்தடி இடத்துக்காக ஊராட்சித் தலைவரிடம் போய் நின்றான். கருவியை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்கிறேன், இடத்தை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினான். அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். இடத்தை நாளைய கரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டதாம், ஏழை இளைஞர்களுக்கு மாதிரிப் பட்டறை அமைக்க.

பட்டறையை நன்றாகத்தான் கட்டினார்கள். வழுவழு தரை, ஷட்டர், மேலே பெரிய பலகை. பலகையில் விச்செத்தின் படம், கையில் பெட்டியோடு. துணை ஆளுநர் நாடா வெட்டிவிட்டுப் பேசினார்.

"மற்ற பட்டறைகளுக்குப் போய்ப் பாருங்கள், எங்கும் எண்ணெய், எங்கும் அழுக்கு, எங்கும் சத்தம். ஆனால் இங்கே ஒரு துளிக் கறை உண்டா? இல்லை! இனியும் இருக்காது என்று உங்களுக்கு நான் உறுதியளிக்கிறேன்!"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று மாலை ஷட்டரை இறக்கிப் பூட்டினார்கள். விருந்தாளிகள் வந்தால் மட்டும் திறப்பார்கள்.

புத்தாண்டு வந்தது. தாய்லாந்திலிருந்து வருகிற பிள்ளைகள் மோட்டார் சைக்கிள்களில் மூட்டையும் மனைவியுமாகச் சாரிசாரியாக வந்தார்கள். சங்கிலி அறுந்தவன், டயர் போனவன், புகை கக்குகிறவன், எல்லாரும் வழக்கப்படி பாலத்தடியில் வந்து நின்றார்கள். பூட்டிய ஷட்டரையும் மேலே சிரிக்காமல் நிற்கும் விச்செத்தின் படத்தையும் பார்த்துவிட்டு வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விச்செத் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருவன் அவனை அடையாளம் கண்டு நின்றான்.

"பலகையில இருக்கறது நீதானேப்பா? சங்கிலி அறுந்துபோச்சு, கொஞ்சம் மாட்டிக் குடேன்."

"கருவி இல்லைண்ணே."

"அவ்ளோ பெரிய பெட்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறே, இல்லைங்கறியே" என்று அவன் மேலே காட்டித் திட்டிவிட்டுப் போனான்.

புத்தாண்டு முடிந்ததும் தரகரின் வேன் வந்தது. தீடா ஒரு பையோடு என் கடைக்கு வந்து கிண்ணம் நிறையச் சாப்பிட்டாள். பள்ளிக்கூடப் புத்தகங்களை என்னிடம் கொடுத்து, யாராவது கேட்டால் கொடுங்கள் என்றாள். விச்செத் தலையைக் குனிந்துகொண்டு அவள் பையைத் தூக்கி வேனில் வைத்தான்.

"அண்ணா, அழுதுடாதே" என்றாள். "அழுதேன்னு வை, யாராவது போட்டோ எடுத்துடுவாங்க."

அவன் அழவில்லை. வேன் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். தங்கை படிப்பதற்காகத்தானே அந்தக் கிழிந்த சட்டையை அத்தனை முறை மாட்டினான்.

அடுத்து நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. ஹெல்கா அம்மையாரும் வந்திருந்தார். நாரித் மைக்கைப் பிடித்தார்.

"நம் பயனாளி விச்செத்தின் குடும்பத்தில் ஏற்பட்ட மாற்றத்தைப் பாருங்கள்! இவருடைய சகோதரி, பதினேழே வயதில், அயல்நாட்டில், கட்டுமானத் துறையில் வேலைவாய்ப்புப் பெற்றுள்ளார். நம் நிலையத்தில் ஒரு நாள்கூடப் பயிலாமலே அவர் இந்த உயரத்தை எட்டியிருக்கிறார் என்றால், பயின்றவர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்!"

சிந்தித்துப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். அவன் அம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு பெட்டி வந்தது. புதுக் கொடி. விச்செத் கிழிந்த சட்டையில் மேடை ஏறினான். இரண்டு கையாலும் வாங்கினான், தலை குனிந்தான், கேமராக்கள் மின்னின. துணை ஆளுநர் கையை எடுத்துக்கொண்டார். வழக்கம்போல் நாரித் பின்னாலிருந்து வந்து பெட்டியைப் பிடித்தார்.

விச்செத் விடவில்லை.

நாரித் சிரித்துக்கொண்டே இழுத்தார். பையன் அப்படியே நின்றான். நாரித் மைக்கை எட்டிப் பிடித்து, "தொழில்மீது இந்த இளைஞருக்கு இருக்கும் பற்றைப் பாருங்கள்!" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஹெல்கா அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்தாளிகள் எல்லாரும் கிளம்பிப் போய், நாற்காலித் துணிகளை உருவி, முடிச்சுகளை அவிழ்த்து முடியும்வரை விச்செத் மேடையில் பெட்டியோடு நின்றான். கடைசியில் காவலாளியும் வெல்டிங் பிரிவுப் பிள்ளைகளும் சேர்ந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள்.

சாயங்காலம் அவனுக்கு நூடுல்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுத் திட்டினேன்.

"அதுல இருக்கறதெல்லாம் ஒட்டிவச்ச சாமான்டா. எதுக்குடா அதைப் போய்ப் பிடிச்சுக்கிட்டு நின்னே?"

"எனக்குன்னு அத்தனை தடவை மைக்ல சொன்னாங்களே சித்தி" என்றான்.

அந்த வாரமே அவனும் தரகரின் வேனில் ஏறிவிட்டான். நாரித் சேதி கேட்டு என் கடைக்கு ஓடி வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். அயல்நாட்டு வேலைவாய்ப்பு இரண்டாகிவிட்டது என்று சந்தோஷமாக வந்திருந்தார். அவருக்கு இருந்த கவலை வேறு.

"சித்தி, வேற ஒரு பையன் வேணும். கண்ணு பெரிசா இருக்கணும். தகர வீடு வேணாம்."

"சமூகம் இனிமே எங்கிட்ட கிடைக்காது. வேற கடையில கேளுங்க" என்றேன். அவர் வேறு கடையில் கேட்டார், கிடைத்தது. பலகையில் மட்டும் விச்செத்தின் படத்தை மாற்றவில்லை. 'வாழ்க்கை மாறியது' என்று அதன் கீழே புதிதாக எழுதினார்கள்.

போன வாரம் தீடா பாங்காக்கிலிருந்து போன் செய்தாள். அண்ணனும் அவள் வேலை பார்க்கும் கட்டிடத்திலேயே சேர்ந்துவிட்டானாம். நான் சமைத்த மீன் குழம்பை நினைத்து நாக்கு ஊறுகிறதாம். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள்.

"வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு சித்தி, மேஸ்திரி ஒரு ஸ்பேனரைக் குடுத்து, மேல ஏறி போல்ட்டை முடுக்குடான்னாரு. இவன் ரெண்டு கையையும் நீட்டி வாங்கி, தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே நிக்கிறான். மேஸ்திரி ஏறுடாங்கறாரு, ஏற மாட்டேங்கறான். எல்லாரும் சிரிக்கிறாங்க. நான்தான் ஓடிப்போய், என்னண்ணா நிக்கிறேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"வந்து திருப்பி வாங்கிக்குவாங்கன்னு நின்னேன்னான்."

அவள் சிரிப்பு கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் போனில் காற்றுச் சத்தம்தான் வந்தது. நான் வைக்காமல் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.